இரண்டாம் தரம் முடிவதற்குள்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் பத்திரிகைகளின் மலையகப் பக்கங்கள் சின்னஞ்சிறு முகங்களால் நிறைந்துவிடும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை, பக்கத்தில் அதிபர், வகுப்பாசிரியர், மாலை போட்ட பெற்றோர். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. தோட்டத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து இரண்டு பிள்ளைகள் சித்தியடைந்தால் அன்று அந்தத் தோட்டமே நிமிர்ந்து நடக்கிறது. ஆனால் அதே வகுப்பில், அதே வாங்கில் உட்கார்ந்திருந்த இன்னொரு பிள்ளை வினாத்தாளின் முதல் வரியையே வாசிக்க முடியாமல் திரும்பி வந்திருப்பான். அவனும் ஐந்து வருடம் பாடசாலைக்கு வந்தவன்தான். வரவு இடாப்பில் அவனுடைய பெயர் ஒழுங்காக இருக்கிறது. அப்பியாசக் கொப்பிகளில் சிவப்பு மையில் சரி அடையாளங்கள் இருக்கின்றன. அடுத்த ஜனவரியில் அவன் ஆறாம் தரத்துக்கு ஏற்றப்படுவான். ஏனென்றால் நம் நாட்டில் ஆரம்பப் பிரிவில் எவரையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. நிறுத்தி வைக்கவும் கூடாது. அவனுக்கு வேண்டியிருந்த உதவி முதலாம் தரத்தில், தப்பினால் இரண்டாம் தரத்தில் கிடைத்திருக்க வேண்டியது. அது ஏன் கிடைப்பதில்லை, எப்படிக் கொடுக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

பெரகலயையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி பெலிஹுல்ஓயாவையும் ஹல்துமுல்லையையும் கடந்து ஏறி வந்து சேரும் சந்தி அது. இடதுபக்கம் ஏறும் ஏ16 வீதி அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவுக்குப் போகிறது. நேரே இறங்கினால் கொஸ்லாந்தை, வெல்லவாய. வீதியில் போகிறவர்களுக்கு இந்த இடம் தேநீர் குடிக்க நிற்கும் ஒரு சந்தி. மேலும் கீழும் பரந்து கிடக்கும் மலைகளில் லயங்கள் இருக்கின்றன. அந்த லயங்களிலிருந்து குறுக்குப் பாதைகளில் இறங்கியும் ஏறியும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அம்மா அதற்கு முன்பே வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போயிருப்பார். மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்து அவர் வீட்டுக்கு வரும்போது பிள்ளை பாடசாலை விட்டு வந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்கும். இந்தக் கால அட்டவணையை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். அறிந்தும், "வீட்டில் அம்மாவிடம் சொல்லி வாசித்துப் பார்" என்று கொப்பியில் எழுதி அனுப்புகிறோம்.

பின்தங்கிய பிள்ளை எப்படி இருப்பான் என்று கேட்டால் பலரும் குழப்படிக்காரனை, வகுப்புக்கு ஒழுங்காக வராதவனைச் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் அப்படியானவர்கள் சிலர்தான். பெரும்பாலானவர்கள் சத்தமில்லாத பிள்ளைகள். இரண்டாம் தரத்தில் ஆசிரியை ஒரு பாடத்தை வரிவரியாகச் சொல்ல, வகுப்பு முழுக்க ஒரே குரலில் திருப்பிச் சொல்கிறது. பின்தங்கிய பிள்ளையும் சொல்கிறது. பத்துத் தடவை கேட்ட பிறகு அந்தப் பக்கம் முழுக்க அதற்கு மனப்பாடம். "வாசி" என்றால் விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று ஒப்புவிக்கும். விரல் ஒரு வரியில், வாய் அடுத்த வரியில் இருக்கும். அந்த நேரம் பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் பிள்ளை நிமிர்ந்து ஆசிரியையின் முகத்தைப் பார்க்கும். சொல் அந்த முகத்தில் இருந்து வரும் என்று அது பழகிவைத்திருக்கிறது.

எழுத்தும் அப்படித்தான். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதில் இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வரி கோணாது, எழுத்து உருண்டையாக இருக்கும். பார்த்து வரைகிறார்கள்; எழுதவில்லை. கொப்பியைத் திருத்துகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நாற்பது கொப்பி திருத்த வேண்டியவருக்கு, அதுவும் இரண்டு தரங்களை ஒரே அறையில் வைத்துப் பார்ப்பவருக்கு, தெரியாமல் போவதில் ஆச்சரியமும் இல்லை. பிள்ளை பிடிபடுவது நான்காம் தரத்தில்தான். அப்போதுதான் சுற்றாடல் பாடத்தில் புதிய பந்திகளைத் தானாக வாசிக்க வேண்டி வருகிறது, கணக்கு வசனத்தில் வருகிறது. "பன்னிரண்டு மாம்பழங்களை மூன்று பேர் சமமாகப் பங்கிட்டால்" என்ற கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குப் பங்கிடத் தெரியும். வீட்டில் தம்பி தங்கைக்கு ரொட்டி பிரித்துக் கொடுப்பது அதுதான். வசனம்தான் தெரியாது. அந்த ஆண்டுதான் புலமைப்பரிசில் ஆயத்தமும் சூடுபிடிக்கிறது. பின்தங்கியவனை நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸில் கொனி ஜூவல் என்ற ஆய்வாளர் 54 பிள்ளைகளை முதலாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை பின்தொடர்ந்து 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலாம் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளை நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 88 என்று கண்டார். சிறிய ஆய்வுதான், வேறு மொழி, வேறு எழுத்து முறை. ஆனாலும் ஆரம்ப வகுப்பில் படிப்பித்த எவருக்கும் அந்த எண் புதுமையாக இராது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசித்து வாசித்துச் சொற்களைச் சேர்க்கிறது. தெரியாத பிள்ளை வாசிப்பைத் தவிர்க்கப் பழகுகிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டு பேருக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. ஏழு வயதில் தினமும் அரை மணித்தியாலம் செலவழித்துச் சரிசெய்யக் கூடியதைப் பத்து வயதில் சரிசெய்ய வருடக்கணக்காகும். அதற்குள் "எனக்குப் படிப்பு வராது" என்ற முடிவுக்கும் அந்தப் பிள்ளை வந்திருக்கும். அந்த முடிவை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

பெற்றோரைக் குறை சொல்லும் பேச்சு நம் பணிமனைகளிலும் ஆசிரியர் அறைகளிலும் அடிக்கடி கேட்கிறது. "தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்பார்கள். கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. நிர்வாகம் கொடுத்தது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிகிற படிப்பு. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரவின் இலவசக் கல்வி நாடு முழுக்கப் புதிய பாதை திறந்தபோது அது தோட்டப் பள்ளிக்கூடங்களின் வாசலோடு நின்றது. 1948இல் தோட்டத்து மக்களின் குடியுரிமையும் போயிற்று. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையான பிறகு, 1977 முதற்கொண்டுதான் இந்தப் பள்ளிக்கூடங்கள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகள் ஆயின. அதாவது, இலவசக் கல்விக்கு வந்து சேர்வதில் மலையகம் ஒரு தலைமுறை பிந்திவிட்டது. பிறகு சுவீடனின் சீடா நிறுவன உதவி வந்தது, கட்டடங்கள் எழுந்தன; ஜேர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது, பயிற்றப்பட்ட தமிழ் ஆசிரியர்கள் வந்தார்கள். இந்த முன்னேற்றத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. இன்று நம் தோட்டங்களிலிருந்து வைத்தியர்களும் பொறியியலாளர்களும் வருகிறார்கள் என்றால் அந்த உழைப்புத்தான் காரணம்.

ஆனாலும் இன்னொரு எண்ணை மறந்துவிடக் கூடாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2003இல் நான்காம் தரப் பிள்ளைகளை நாடளாவிய அளவில் சோதித்தது. எதிர்பார்த்த தேர்ச்சி மட்டத்தை அடைந்தவர்கள் தாய்மொழியில் 37 வீதம், கணிதத்தில் 38 வீதம், ஆங்கிலத்தில் 10 வீதம். தோட்டத்துக் கணக்கல்ல இது, முழு நாட்டினதும் கணக்கு. இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழைய எண்ணை ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்றால், அன்று ஒன்பது வயதாக இருந்தவர்களுக்கு இன்று முப்பதைத் தாண்டிவிட்டது. இன்றைய முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளின் அம்மா அப்பா அவர்கள்தான். அன்று நான்காம் தரத்தில் கைவிடப்பட்ட பிள்ளையிடம்தான் இன்று "உங்கள் பிள்ளைக்கு வாசிக்க உதவுங்கள்" என்கிறோம். அக்கறை இருக்கிறது. பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை தோய்த்து, அது காயாத மழைநாளில் அடுப்பு வெக்கையில் உலர்த்திப் போட்டு அனுப்புகிறவருக்கு அக்கறை இல்லை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவரிடம் இல்லாதது நமது பாடசாலை அவருக்குக் கொடுக்காமல் விட்டது.

உடம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. வயிறு நிறையாத, இரத்தச்சோகையுள்ள பிள்ளை பதினொரு மணிக்குப் பிறகு எழுத்தைப் பார்த்தால் எழுத்து அசையும். காது ஒழுகும் பிள்ளைக்கு ஆசிரியை சொல்லும் "ப"வும் "ம"வும் ஒன்றாகக் கேட்கலாம். கண் மங்கலான பிள்ளை பின்வாங்கிலிருந்து பக்கத்துக் கொப்பியைப் பார்த்தே ஐந்து வருடத்தை ஓட்டிவிடும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் இவை பிடிபட வேண்டியவை. கண்ணாடி வேண்டும் என்று துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டோடு அப்புத்தளைக்கோ தியத்தலாவைக்கோ போக ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழக்க வேண்டும். கண்ணாடி வந்து சேர்ந்ததா என்று கேட்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

இவற்றுக்கு மேல், பாடசாலை மூடிக்கிடந்த காலங்கள். 2020 மார்ச்சில் மூடிய பாடசாலைகள் திறந்தும் மூடியும் இரண்டு வருடம் கழிந்தது. பதுளை மாவட்டத்தின் லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் அலைபேசிச் சமிக்ஞைக்காக மலையுச்சியில் மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறியிருந்து பாடம் பார்த்த படங்கள் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அந்தப் பிள்ளைகளின் முயற்சியை எல்லோரும் பாராட்டினோம். முதலாம் தரத்துப் பிள்ளை மரத்தில் ஏறிப் படிக்காது என்பதை யாரும் சொல்லவில்லை. பென்சில் பிடிக்கும் விரலை ஒருவர் தொட்டுத் திருத்த வேண்டிய வயது அது. அன்று முதலாம் தரத்தில் சேர்ந்தவர்கள் இன்று இடைநிலைப் பிரிவில் இருக்கிறார்கள், தவறவிட்டதைத் தவறவிட்டபடியே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் பதுளை மாவட்டத்தை உலுக்கியபோது மீண்டும் பாடசாலைகள் மூடின. பெரகலயிலிருந்து கொஸ்லாந்தைப் பக்கம் இறங்கினால் மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண் லயங்களை மூடியபோது பள்ளிக்கூடத்தில் இருந்ததால் உயிர்பிழைத்த பிள்ளைகள் உண்டு. மழை கடுமையானால் இந்தச் சரிவுகளில் பிள்ளைகளை வெளியே அனுப்பாமல் இருப்பதுதான் புத்தி. அப்படியானால் மழை எடுத்துக்கொள்ளும் நாட்களை முன்கூட்டியே கணக்கில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

பெரகல இருக்கும் ஊவாவின் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. நமது பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால் மூன்றாம் தவணை அந்த மழைக்குள் விழுகிறது. எனவே மூன்றாம் தவணையில் பரிகாரக் கற்பித்தல் நடத்துகிறோம் என்ற ஏற்பாடு இங்கே பெரும்பாலும் கடதாசியில்தான் நடக்கும். எந்தப் பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பதை முதலாம் தவணையிலேயே கண்டுபிடித்து, மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் உதவியைக் கொடுத்து முடிக்க வேண்டும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கிக் கொடுப்பது ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றுக் காலம். பிள்ளைகளின் எழுத்துக்கும் அதுவே நல்ல காலம்.

பிள்ளையை ஆரம்பத்திலேயே இனங்காண வேண்டும் என்பது ஒன்றும் புதிய கோரிக்கை அல்ல. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே ஆரம்பப் பிரிவை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. முதலாம், இரண்டாம் தரங்கள் முதல் நிலை. மூன்றாம், நான்காம் தரங்கள் இரண்டாவது. ஐந்தாம் தரம் மூன்றாவது. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் எல்லாப் பிள்ளைகளும் அடைந்தே தீரவேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் எவை என்று பட்டியலிட்டது. படிவங்களும் வந்தன. ஆசிரியர்கள் இன்றும் நிரப்புகிறார்கள். தேர்ச்சியடையாத பிள்ளைக்கு நேரே ஓர் அடையாளம் இடுகிறார்கள். அடையாளம் இட்ட மறுநாள் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? அதே வாங்கு, அதே பாடம், அதே பக்கம். வைத்தியர் நோயைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தும் மருந்து கொடுக்க மறந்துவிட்ட நிலை.

மருந்து என்று நான் சொல்வது பெரிய வித்தையல்ல. முதலாவது, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து ஐந்து நிமிடம் வாசிக்கக் கேட்பது. ஒரு தாளில் பத்து எழுத்துகள், பத்து உயிர்மெய்கள், கல், படம், வீடு போல ஐந்து சொற்கள், ஒரு சிறு வசனம். நாளுக்கு ஐந்து பிள்ளை என்றால் இருபத்தைந்து பேரின் வகுப்பு ஒரே வாரத்தில் முடியும். இதைச் செய்தால் "வாசிக்க வராது" என்ற ஒரே பெயரில் எத்தனை விதமான பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரியும். ஒருவனுக்கு எழுத்துகள் எல்லாம் தெரியும், ஆனால் சேர்த்துச் சொல்லத் தெரியாது. "ப, ட, ம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவான். ஒருத்திக்கு அகர வரிசை முழுக்கத் தெரியும், கொம்பும் காலும் வந்தால் குழம்புகிறாள். தமிழில் எழுத்து 247 என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம்; உயிர் 12, மெய் 18, உயிர்க் குறிகள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்ற முறை, இவை பிடிபட்டால் மிச்சத்தைப் பிள்ளையே கட்டிக்கொள்ளும். ஆனால் "கெ"யில் பின்னால் ஒலிப்பது முன்னால் நிற்கிறது, "கொ"வில் இரண்டு பக்கமும் நிற்கிறது, "கு"வும் "து"வும் "பு"வும் ஆளுக்கொரு வடிவம் எடுக்கின்றன. இந்த இடத்தில் ஒரு மாதம் காய்ச்சலில் படுத்த பிள்ளை, அல்லது மண்சரிவு எச்சரிக்கையில் உறவினர் வீட்டுக்குப் போன பிள்ளை, முறையைத் தவறவிட்டுத் தனித்தனியே 247 உருவங்களை மனப்பாடம் செய்யப் போராடுகிறது. அதற்கு வேண்டியது அந்த ஒரு மாதத்துப் பாடம்தான். ணகர, னகர, நகர பேதம் பிடிபடாத பிள்ளையை இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டியதில்லை. எழுத்துப்பிழை வாசிக்கத் தொடங்கிய பிள்ளையின் பிரச்சினை. அது காலத்தோடு திருந்தும்.

இரண்டாவது, கண்டுபிடித்த பிள்ளைகளை ஐந்தாறு பேராகச் சேர்த்து, நாள்தோறும் நாற்பது நிமிடம். எழுத்து மட்டைகளைக் கையில் கொடுத்துச் சேர்க்கவும் பிரிக்கவும் விடுவது, மனப்பாடமாகாத புதிய இரண்டு வரியை ஒவ்வொரு நாளும் வாசிக்கக் கொடுப்பது, பிள்ளை தன் வாயால் சொன்ன ஒரு வசனத்தை அதன் கையாலேயே எழுதவைப்பது. "எங்க வீட்டுக் கோழி முட்டை விட்டிச்சு" என்று பிள்ளை சொன்னால் அதையே முதலில் எழுதட்டும். பேச்சைத் திருத்தி ஏட்டுத் தமிழாக்கும் வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தன் பேச்சு எழுத்தாக நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று விளங்கிவிடும்.

எப்போது, யார் என்ற கேள்விகளில்தான் நமது திட்டங்கள் எல்லாம் சறுக்கி விழுகின்றன. பாடசாலை விட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். சின்னப் பிள்ளை தனியாக மலை ஏறிப் போக முடியாது, கூட்டமாகத்தான் போகும். கூட்டம் போன பிறகு அதைத் தனியே அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பார்? ஆகவே பாடசாலை நேரத்துக்குள், கால அட்டவணையில் பெயரிட்ட ஒரு பாடவேளையாக இருக்க வேண்டும். இதற்கு இந்தியாவின் அனுபவம் நல்ல சாட்சி. பிரதம் என்ற அமைப்பு பல மாநிலங்களில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வகுப்பால் அல்லாமல் வாசிப்பு நிலையால் குழுக்களாக்கிப் படிப்பித்தது. பீகாரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பாடப்பொருளும் மட்டும் கொடுத்துவிட்டபோது பலன் வரவில்லை; ஆசிரியர்கள் பாடத்திட்டத்தை முடிக்கும் பழைய ஓட்டத்துக்கே திரும்பினார்கள். ஹரியாணாவில் நாளுக்கு ஒரு மணித்தியாலத்தை இதற்கென்றே ஒதுக்கி, மேற்பார்வையும் வைத்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். அதே ஆசிரியர் வர்க்கம், அதே முறை. நேரம் ஒதுக்கியதும் மேற்பார்வை வைத்ததும்தான் வித்தியாசம்.

யார் என்ற கேள்விக்கும் அங்கிருந்தே ஒரு விடை உண்டு. மும்பையிலும் வடோதராவிலும் அந்தந்தப் பகுதியிலேயே பள்ளிப்படிப்பை முடித்த இளம்பெண்களைச் சிறு சம்பளத்துக்கு அமர்த்தி, மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு நாளுக்கு இரண்டு மணித்தியாலம் அடிப்படையைப் படிப்பித்தார்கள். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலானோர் அதை அளந்து 2007இல் வெளியிட்டார்கள். மிகவும் பின்தங்கியிருந்தவர்களே அதிகம் பயனடைந்தார்கள். தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பின் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்பியது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பிரித்துப் பாடம் அமைத்தது. அங்கும் குறைகள் உண்டு. ஆசிரியர்கள் செயலியில் பதிவேற்றும் வேலை கூடிவிட்டது என்று முறையிடுகிறார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் ஓர் அரசாங்கம் ஒன்றாம் வகுப்புக்கு இறங்கி வந்தது.

நமது தோட்டங்களில் உயர்தரம் வரை படித்துவிட்டு வீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் கொழும்பில் துணிக்கடைக்குப் போய்விட்ட பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! பிள்ளையின் பேச்சு, அது நடந்துவரும் பாதை, வீட்டின் நிலைமை எல்லாம் அவர்களுக்குத் தெரியும். பெரகலச் சுற்றுவட்டத்துப் பாடசாலைக்கு ஒருவர் என்று அமர்த்தி, முதலாம், இரண்டாம் தர ஆசிரியருக்குத் துணையாக நிறுத்தலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2014, 2015இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை நியமித்தபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பிறகு 10,000. அந்தப் பணத்தில் தூரத்துப் பாடசாலைக்கு பஸ்ஸில் போய்வந்து, முழு வகுப்புகளையும் தாங்கி, பயிற்சியையும் முடித்து, நிரந்தர நியமனத்துக்காகப் போராட்டமும் நடத்தினார்கள் அந்தப் பிள்ளைகள். மலையகத்துக்கு என்று வரும்போது குறைந்த சம்பளத்தில் பாதி ஆசிரியர் போதும் என்ற மனப்பான்மை மீண்டும் வரக்கூடாது. துணைக்கு வருபவர் ஆசிரியரின் இடத்தை நிரப்ப வருபவராக இருக்கக் கூடாது. அவருக்குச் சட்டப்படியான சம்பளமும், ஆசிரியராக உயரும் வழியும் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றுக்குக் காசே செலவில்லை. பாடசாலையின் அனுபவம் மிக்க ஆசிரியரை அதிபர்கள் ஐந்தாம் தரத்தில் போடுகிறார்கள். புதிதாக வந்தவர், இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர், இவர்களுக்கு முதலாம் தரம். "அ, ஆ தானே" என்ற எண்ணம். உண்மையில் ஒன்றும் தெரியாத ஒரு பிள்ளையை வாசிக்கவைப்பதுதான் ஆசிரியத் தொழிலிலேயே நுட்பமான வேலை. அதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர் பாடசாலையில் இருந்தால் அவர் உட்கார வேண்டிய இடம் முதலாம் தரம். ஐந்தாம் தரத்தில் மாதிரி வினாத்தாள் செய்விக்கப் பலரால் முடியும். அதற்குக் கருத்தரங்குகளும் வெளியீடுகளும் குறைவில்லாமல் வருகின்றன. அதிபர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பாடசாலையை வலயமும் ஊரும் புலமைப்பரிசில் எண்ணிக்கையால் அளக்கின்றன. மூன்றாம் தரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று எந்தக் கூட்டத்திலும் அவரிடம் கேட்பதில்லை. அளவுகோல் அப்படி இருக்கும்போது அதிபரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம்.

பிரித்து வைத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனதோடு சொல்கிறார்கள். "மக்குக் கூட்டம்" என்று சக பிள்ளைகள் அழைத்தால் மனம் உடையத்தான் செய்யும். அதைத் தவிர்க்க வழி உண்டு. அந்த நாற்பது நிமிடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு குழுவில் இருக்கட்டும். நன்றாக வாசிப்பவர்கள் கதைப்புத்தகத்தோடு, இடைப்பட்டவர்கள் எழுத்து வேலையோடு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் கேட்டுப் பார்த்துக் குழுக்களை மாற்றட்டும். பின்லாந்தில் ஆரம்ப வகுப்புகளில் சிறிது காலத்துக்கு விசேட ஆசிரியரிடம் போய்வருவது சாதாரண விஷயம்; ஏராளமான பிள்ளைகள் போவதால் அதில் வெட்கம் இல்லை. நான்காம் தரத்தில் வாசிக்கத் தெரியாமல் எழுந்து நிற்பதைவிட ஆழமான முத்திரை எதுவும் இல்லை.

பாடசாலைக்கு முந்திய வருடங்களைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்கள் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயர் மாறியிருக்கின்றன. பல இடங்களில் நல்ல கட்டடம், பயிற்சி பெற்ற பொறுப்பாளர். அங்கே பிள்ளைக்குச் சாப்பாடும் தூக்கமும் கிடைப்பதுபோலவே பேச்சும் கிடைக்க வேண்டும். கதை கேட்ட பிள்ளை, கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை, கைதட்டிச் சொல்லைப் பிரித்து விளையாடிய பிள்ளை முதலாம் தரத்தில் பாதித் தூரம் வந்துவிட்டது. அந்த நிலையத்தின் பொறுப்பாளரும் பக்கத்துப் பாடசாலையின் முதலாம் தர ஆசிரியரும் டிசம்பரில் ஒருமுறை உட்கார்ந்து, வரப்போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினால்கூடப் போதும்.

இவற்றை யாரிடம் கேட்பது? நம் தோட்டத்துப் பாடசாலைகள் அநேகமாக எல்லாம் மாகாண நிர்வாகத்தின் கீழ் இருப்பவை. ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். 2019இல் அதன் காலம் முடிந்ததிலிருந்து மக்கள் தெரிவுசெய்த சபை இல்லை. முறையிடப் போவதானால் ஆளுநரிடமும் அதிகாரிகளிடமும்தான் போக வேண்டும். நமது அரசியல் தலைவர்களும் தொழிற்சங்கங்களும் பாடசாலைக்கு என்று கேட்பது கட்டடமும் மைதானமும் திறன் வகுப்பறையும். வேண்டியவைதான். வாசிப்பைக் கேட்டு எவரும் ஒரு மகஜர் கொடுத்ததாக நான் அறியேன். 2026இல் முதலாம் தரத்துக்குப் புதிய பாடத்திட்டம் வந்திருக்கிறது. புதிய புத்தகமும் புதிய முறையும் வரும்போது பின்தங்கும் பிள்ளைக்கான ஏற்பாட்டையும் அதனோடு சேர்த்துவைப்பது சுலபம். பிறகு ஒட்டவைப்பது கஷ்டம்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். பெரகலயைச் சூழ்ந்த தோட்டப் பாடசாலைகளில் இந்த வருடமே தொடங்கலாம். மார்ச் முடிவதற்குள் இரண்டாம் தரத்துப் பிள்ளைகள் எல்லோரையும் ஆசிரிய ஆலோசகர் ஒருவர் உடனிருக்கத் தனித்தனியே வாசிக்கக் கேட்கட்டும். எத்தனை பேருக்கு எந்த இடத்தில் தடை என்பதைப் பிள்ளையின் பெயரை வெளியிடாமல் பாடசாலைவாரியாக எழுதி, வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பட்டும். இரண்டாம் தவணை ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு பாடசாலையின் கால அட்டவணையிலும் அந்த நாற்பது நிமிடம் இருக்கிறதா என்று பணிமனை பார்க்கட்டும். அதே பிள்ளைகளை அதே தாளைக் கொண்டு செப்டெம்பரில் மீண்டும் கேட்டு, அந்த எண்ணை மார்ச் மாதத்து எண்ணுக்குப் பக்கத்தில் போட்டு, புலமைப்பரிசில் பெறுபேற்றை ஒட்டும் அதே அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும்.